மறதி நோயாளி இருக்கிற வீட்டுக்கு எந்த பிரஷர் மிஷின்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ பாளையிலோ உள்ள ஒரு சர்ஜிக்கல் கடையில் போய், "அண்ணாச்சி, வீட்டுல வச்சுப் பாக்க ஒரு பிரஷர் மிஷின் வேணும்" என்று கேட்டால் மூன்று வகை மேசைக்கு வரும். ஒன்று, மேல்கையில் பட்டை சுற்றி பட்டனை அமுக்கினால் தானே காற்றேறி எண் காட்டுவது. இன்னொன்று, மணிக்கட்டில் கட்டுவது. மூன்றாவது, பந்தை அமுக்கிக் காற்றேற்றி, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டே முள்ளைப் பார்ப்பது. ஞாபக மறதி தொடங்கிவிட்ட பெரியவர் இருக்கிற வீட்டுக்கு முதல் வகை மட்டும்தான் சரி. சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண மாடலே போதும். அந்த வகைக்கு 5க்கு 4 மதிப்பெண் தரலாம். ஒரு மதிப்பெண் ஏன் குறைகிறது என்பது பட்டையின் அளவைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கென்று வாங்கிப் போகிற இந்த மிஷின் அதிகம் உதவப்போவது, அதை வாங்குகிற 45 வயது மகனுக்கும் மகளுக்கும்தான். அப்பாவுக்கும் அது தேவைதான். ஆனால் அதில் அவருக்குப் பார்க்க வேண்டிய விஷயம் வேறு. இந்த இரண்டும் புரியாமல் வாங்கினால் நல்ல மிஷினும் வீட்டில் பயத்தைத்தான் கூட்டும்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் வாங்குகிற ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. சேர்த்து வைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. ஓட்டம் நிற்காமல் வந்தாக வேண்டும். அதனால் பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குள் போகிற ரத்தம் ஒரே சீராக இருக்கும்படி அங்குள்ள சிறு தமனிகள் சுருங்கியும் விரிந்தும் பார்த்துக்கொள்கின்றன. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கூடுதலாக வந்தாலும் குறைவாக வந்தாலும் மடைப்பலகையை ஏற்றி இறக்கி வயலுக்கு வேண்டியதை மட்டும் விடுவதைப் போன்ற வேலை இது. பத்து இருபது வருஷம் பிரஷர் கூடியே இருந்தால் அந்தத் தமனிகளின் சுவர் தடித்து விறைத்துப்போகும். பலகை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பிறகு பிரஷர் திடீரென்று கூடினால் அந்த அடி நேராக நுண்குழாய்களில் விழுகிறது. குறைந்தால், கடைசியில் இருக்கிற பகுதிக்கு ரத்தமே எட்டுவதில்லை. விறைத்துப்போன தமனிக்குக் கூடுதலும் ஆகாது, குறைவும் ஆகாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்படிக் கெட்ட நுண்குழாய்கள் எம்ஆர்ஐ படத்தில் மூன்று விதமாகத் தெரியும். மூளையின் உட்பகுதியில் நரம்பிழைகள் ஓடுகிற இடத்தில் வெண்திட்டுகள். சில மில்லிமீட்டர் அளவில் செத்துப்போன குழிகள். பொட்டுப் பொட்டாக ரத்தக் கசிவு. ரிப்போர்ட்டில் வைட் மேட்டர் சேஞ்சஸ், லாக்யூனார் இன்ஃபார்க்ட், மைக்ரோபிளீட் என்று எழுதியிருப்பார்கள். "வயசானா எல்லாருக்கும் வரதுதான்" என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இந்தச் சேதத்தில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் பெயர் மறப்பதில்லை. வேகமும் திட்டமிடுதலும் குறைகின்றன. பஸ்ஸில் சில்லறை எண்ண நேரமாகிறது. குழம்பு கூட்டும்போது அடுத்து என்ன போட வேண்டும் என்று கை நிற்கிறது. நடை சின்னச் சின்ன அடியாகிறது. மூத்திரத்தை அடக்க முடியாமல் போகிறது.

மறதி நோயின் இன்னொரு வகையான அல்சைமர் வேறு வழியில் வருவது. அமிலாய்டு என்ற புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிகிறது. டாவ் என்ற புரதம் அணுவுக்குள்ளே முறுக்கிக்கொள்கிறது. புது விஷயத்தைப் பதிந்து வைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே சுருங்குகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்து, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் பந்தி முதல் ஞாபகம் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் அமிலாய்டை நேரடியாக உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அமிலாய்டு போன்ற கழிவு மூளையிலிருந்து வெளியேறுகிற பாதைகளில் ஒன்று, தமனிகளின் சுவரை ஒட்டி ஓடுகிறது; ஓட்டத்துக்குத் துணையாக இருப்பது நாடித்துடிப்புதான். எலிகளில் பிரஷரை உயர்த்திப் பார்த்தபோது இந்த ஓட்டம் மந்தமானதை 2018இல் காட்டியிருக்கிறார்கள்.

ஒரே தலைக்குள் இரண்டு சேதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு நல்ல சாட்சி. இறந்தபின் மூளையைத் தானமாகக் கொடுத்தவர்கள் அவர்கள். 1997இல் வெளியான முடிவின்படி, அல்சைமர் மாற்றங்கள் ஒரே மாதிரி இருந்தவர்களிலும், ஆழத்தில் ஒன்றிரண்டு சிறு அடைப்புகள் கூடுதலாக இருந்தவர்களுக்கே உயிரோடு இருந்தபோது மறதி நோய் மிக அதிகமாக வெளிப்பட்டிருந்தது. அமிலாய்டை வீட்டிலிருந்து நம்மால் ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் அந்தச் சிறு அடைப்புகளைத் தடுக்க முடியும். 2,000 ரூபாய் மிஷினை இவ்வளவு தீவிரமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

மகனுக்கும் மகளுக்கும் ஏன் அதிக உதவி என்றால், பிரஷர் மூளையைக் கெடுப்பது நடுவயதில். அதன் விலை தெரிவது இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024இல் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் நடுவயதின் உயர் ரத்த அழுத்தமும் உண்டு. அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வின் மறதி பற்றிய பகுதி 2019இல் வந்தது. மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதி நோயும் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. சீனாவின் 326 கிராமங்களில் 40 வயது தாண்டிய 33,995 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025இல் வந்தது. அங்கே கிராம வைத்தியர்களே மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, 130/80க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். நான்கு ஆண்டில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி இல்லாமல், ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலை அது.

நம் பக்கம் இதற்கு நெருக்கமாக இருப்பது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த திட்டம். தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, ஊரில் தாத்தாவும் ஆச்சியும் தனியாக இருக்கிற வீடுகளுக்கு மாத்திரை தடைபடாமல் கிடைப்பதே பெரிய காரியம். சேவையாக மதிப்பிட்டால் மாத்திரை வந்துசேர்வதில் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் எப்போதோ ஒருமுறை பார்க்கிற ஒற்றை எண்ணை வைத்து மறதி நோயாளியின் மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. அதற்கு வீட்டில் எழுதிய கணக்கு வேண்டும். வருகிறவரிடம் நோட்டைக் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுசாகும்.

இனி அப்பாவின் பக்கம். ஸ்பிரிண்ட் ஆய்வில் மறதி நோய் ஏற்கெனவே வந்தவர்களைச் சேர்க்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களையும், பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. அதனால் 120 என்ற எண்ணை எடுத்துக்கொண்டுபோய் 78 வயது அல்சைமர் நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. 2015இல் இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஆய்வில், மறதி நோயோ லேசான அறிவாற்றல் குறைவோ உள்ள 172 பேரைக் கவனித்தார்கள். பிரஷர் மாத்திரை எடுத்து, பகல் நேர மேல் எண் 128 அல்லது அதற்குக் கீழே போனவர்களுக்கு ஞாபகம் இன்னும் வேகமாகக் குறைந்தது. அது கவனித்துச் சொன்னதுதான், சோதித்து நிரூபித்ததல்ல. ஆனாலும் விறைத்துப்போன தமனிக்குக் குறைவும் ஆகாது என்பதோடு அது ஒத்துப்போகிறது. பிரஷர் மாத்திரையே அல்சைமரை நிறுத்துமா என்று நில்வாடிபைன் என்ற மருந்தை 511 நோயாளிகளிடம் 18 மாதம் சோதித்த ஐரோப்பிய ஆய்வில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. வந்துவிட்ட அல்சைமரைப் பிரஷர் மாத்திரை திருப்பாது. பக்கவாதத்தையும் புதுச் சிறு அடைப்புகளையும் தடுக்கும். அதற்காகத்தான் அதைத் தொடர்வது. "இனி எதுக்கு" என்று வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது, எண் கூடிவிட்டது என்று வீட்டிலேயே கூட்டவும் கூடாது.

இப்போது மிஷின். மேல்கைப் பட்டை மிஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. காற்றழுத்தத்தில் வருகிற அதிர்வை அளந்து, கணக்குப் போட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் சொல்கிறது. ஆகவே கை அசைந்தால் எண் பொய். மறதி நோயாளி கையை இழுப்பார், பட்டையைப் பிய்ப்பார். வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். காற்றேறும்போதே அளந்து முடிக்கிற மாடல்கள் உண்டு. முழுக்க ஏற்றிவிட்டு, இறக்கும்போது அளப்பவை உண்டு. முதல் வகை சீக்கிரம் முடிந்துவிடும், கையை நெரிக்காது. கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் பதற்றப்படுகிற பெரியவருக்கு அது தகும். எண்ணை வாய்விட்டுச் சொல்கிற மாடல் வேண்டாம். யாரோ பேசுகிறார்கள் என்று அவர் மிரள்வார். அந்த வசதி இருந்தால் அணைத்துவிடலாம். எத்தனை பேருக்கு, எத்தனை அளவை நினைவில் வைக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு பேருக்குத் தனித்தனியாக வைப்பதாக இருந்தால் மகனின் எண்ணும் அப்பாவின் எண்ணும் கலக்காது. மருத்துவத் தரச் சோதனையில் தேறிய மாடலா என்பதை ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிற பேர் தெரியாத மிஷின்களில் பலவும் அந்தப் பட்டியலில் இருக்காது.

மதிப்பெண் குறைகிற இடம் பட்டை. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. நம் கிராமங்களில் மெலிந்துபோன ஆச்சிகளின் மேல்கை 20 சென்டிமீட்டர்கூட வராது. அந்தக் கைக்கு இந்தப் பட்டை பெரிது. பிரஷர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பருத்த கைக்கு அதே பட்டை சிறிது, கூடுதலாகக் காட்டும். 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடியது. சின்னப் பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 3.6 குறைந்தது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவைப் பார்த்துக்கொண்டு போங்கள். 17 முதல் 22 வரையிலான சின்னப் பட்டையும், 32 முதல் 42 வரையிலான பெரிய பட்டையும் தனியாக விற்கிறார்கள்; பல கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. பெட்டிக்குள் வந்ததையே சுற்றிவிட்டு, மாத்திரையை அதன்படி மாற்றச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

மணிக்கட்டு மிஷின் பார்க்க வசதிதான். கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் பிடித்தால்தான் அதன் எண்ணுக்கு மதிப்பு. சொன்னதை அடுத்த நிமிஷம் மறக்கிறவரை அப்படிப் பிடிக்க வைக்க முடியாது. கை மிகப் பருத்து எந்தப் பட்டையும் ஏறாதவர்களுக்கு மட்டும் அது வழி. கைக்கடிகாரத்தில் பிரஷர் காட்டுவதை ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2023இலும் பரிந்துரைக்கவில்லை. முள் மிஷின் பழகிய நர்ஸ் கைக்கு மட்டும். கீழே விழுந்தால் முள் நகர்ந்துவிடும், அதை அடிக்கடி சரிபார்க்கவும் வேண்டும்.

பார்க்கிற முறை எளிதுதான், ஆனால் ஒவ்வொன்றும் எண்ணை மாற்றும். காலையில் மூத்திரம் போய்வந்தபின், மாத்திரைக்கும் காபிக்கும் முன். காபி, பீடி, வெற்றிலைப் புகையிலை போட்டிருந்தால் அரை மணி நேரம் கழித்து. திண்ணையில் காலைத் தொங்கவிட்டோ, தரையில் சம்மணமிட்டோ, கயிற்றுக்கட்டிலில் கூன்போட்டோ வேண்டாம். முதுகு சாய்கிற நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் கூடாது. ஐந்து நிமிஷம் பேச்சில்லாமல். கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில். கையை மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 கூடும், பக்கத்தில் தொங்கவிட்டால் சுமார் 6½ கூடும் என்று 2024இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஜாக்கெட் கையை மேலே சுருட்டினால் அதுவே கையை இறுக்கும். கையில்லாத நைட்டியோ தளர்ந்த ஜிப்பாவோ போட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது. பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும், குழாய் உள்ளங்கைப் பக்கம் வரட்டும், இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ அந்தக் கையே எப்போதும். பக்கவாதத்தில் செயலிழந்த கையில் பார்க்க வேண்டாம்.

மறதி நோயாளிக்கு இதோடு இன்னும் சில. சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அலைபாய்ச்சல் கூடுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பார்த்தால் 170 வரும், அது அவர் பிரஷரல்ல, அவர் பதற்றம். நாலு மணிக்கே பார்த்துவிடுங்கள். தினமும் அதே நாற்காலி, அதே ஆள். பட்டையை முதலில் அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்க விடுங்கள். மறு கையில் ஒரு துண்டையோ ஜெபமாலையையோ கொடுத்தால் பிய்க்காமல் இருப்பார். "இறுக்கும், கொஞ்ச நேரத்துல விட்டுரும்" என்று ஏறும் முன்பே சொல்லிவிட்டு, ஏறும்போது சும்மா இருங்கள். கையை உதறினால் அன்றைக்கு விட்டுவிடலாம்; மல்லுக்கட்டி எடுத்த எண்ணை எழுதாதீர்கள்.

தொடர்ந்து ஏழு நாள், காலையில் இரண்டு தடவை, சாயந்திரம் இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிஷம் விட்டு. முதல் நாளை அடித்துவிட்டு மீதி 24 அளவுக்கும் சராசரி போடுங்கள். ஏழு நாள் முடியாவிட்டால் மூன்று நாளாவது. டாக்டர் அறையில் 140/90 என்பது வீட்டில் 135/85க்குச் சமம். 40 தாண்டிய மகனும் மருமகளும் இந்த ஏழு நாள் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும். சராசரி 135ஐத் தொட்டால் தலைவலி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது.

பெரியவருக்கு முக்கியமானது நின்று பார்க்கிற அளவு. இதை ஆஸ்பத்திரியிலேயே பலர் எடுப்பதில்லை. ஐந்து நிமிஷம் படுக்கவைத்து ஓர் அளவு. எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்றாவது நிமிஷத்தில் ஒன்று. ஒருவர் பிடித்துக்கொள்ளவும், அவர் கை உங்கள் தோளில் நெஞ்சு உயரத்துக்கு இருக்கவும் வேண்டும். மேல் எண் 20ஓ கீழ் எண் 10ஓ இறங்கினால் அது நிற்கும்போது பிரஷர் விழுகிற கோளாறு. ராத்திரி கக்கூசுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது பல வீடுகளில் இதனால்தான். புராஸ்டேட் மாத்திரை டாம்சுலோசின், நீர் பிரிக்கிற மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவை இதைக் கூட்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு மணி நேரமும் விழலாம். பந்தியில் இருந்து எழுந்து மயங்குகிற தாத்தாக்களில் சிலருக்குக் காரணம் அதுதான்.

மிஷினில் மூன்றாவதாக ஓர் எண் வரும், நாடித்துடிப்பு. அதை யாரும் எழுதுவதில்லை, அல்சைமர் வீட்டில் அதுதான் சில சமயம் உயிரைக் காப்பது. மறதிக்குக் கொடுக்கிற டோனபெசில் நாடியைக் குறைக்கும். பிரஷருக்குக் கொடுக்கிற அட்டனலால், மெட்டோப்ரலால் வகையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்து 50க்குக் கீழே போனாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். டோனபெசில் 5 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரம் கழித்து 10 ஆக்கும்போது நாடியைக் கூடுதலாகக் கவனியுங்கள். நாடி ஒழுங்கில்லை என்ற குறி அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் மிஷின் எண்ணும் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்றாக வரும், மூளைக்கு ரத்தக்கட்டி போகிற ஆபத்தும் உண்டு. அப்போது மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

"மாத்திர போட்டாச்சாப்பா?" என்றால் "எப்பமே போட்டுட்டேம்லா" என்பார். போட்டிருக்க மாட்டார், இல்லையென்றால் இரண்டு தடவை போட்டிருப்பார். நோட்டில் மாத்திரை கொடுத்த நேரத்துக்கு ஒரு கட்டம் வேண்டும். மாத்திரை அட்டை அவர் கைக்கு எட்டக் கூடாது. ஏழு நாள் டப்பாவில் போட்டு, கொடுக்கிறவர் கண் முன்னால் விழுங்கவைக்க வேண்டும். எண் திடீரென்று தாறுமாறாக ஏறினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அடுத்து மூட்டுவலிக்கு வாங்கிப்போட்ட டைக்ளோஃபெனாக். அடுத்து உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வந்தால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். சொதி சாப்பிடலாம், தொட்டுக்கொள்வதைப் பார்த்து வையுங்கள். ஆனால் ஏற்கெனவே நீர் மாத்திரை எடுக்கிறவர் திடீரென்று கூடுதலாகக் குழம்பினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டும் முன் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் இப்படித்தான் பேத்துவார்கள். சரிசெய்தால் பலரும் தெளிந்துவிடுவார்கள்.

புளூடூத் மாடல் வாங்கினால் எண் வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குப் போய்விடும். நல்ல வசதிதான். ஆனால் 158ஐப் பார்த்துவிட்டு அங்கிருந்து போன் போட்டு "இன்னொரு மாத்திர குடு" என்று சொல்வது ஆபத்து. ஒற்றை எண்ணுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். 180/120 தாண்டினால் ஐந்து நிமிஷம் விட்டுத் திரும்பப் பாருங்கள். அப்படியே இருந்து, வேறு தொந்தரவு இல்லையென்றால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நாக்குக்கடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கும் பழைய பழக்கம் இனி வேண்டவே வேண்டாம், அது பக்கவாதத்தையே கொண்டுவரலாம். வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் 108. பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி போல சிடி ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

மிஷின் கெடுவதில் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். பெரும்பாலும் நான்கு பென்சில் பேட்டரி. அல்கலைன் போடுங்கள், நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். அடாப்டர் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சை பிடிக்கும். பல நாள் எடுக்காமல் வைப்பதென்றால் கழற்றி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கொண்டுபோய் அதே கையில் அவர் மிஷினிலும் இதிலும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். 5 வரை வித்தியாசம் சரி. அதைத் தாண்டினால் மிஷினை மாற்றும் முன் பட்டையைச் சந்தேகப்படுங்கள். குழாய் மடிகிற இடத்தில் காற்று கசியும், ஒட்டுகிற பகுதி பிடிமானம் இழக்கும். பட்டை மட்டும் தனியாகக் கிடைக்கும். பழைய பட்டையைக் கையில் கொண்டுபோய், குழாய் முனையின் பிளக் பொருந்துகிறதா என்று கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள்.